உங்கள் நாவலுக்கு நீங்களே படம் வரைந்து அச்சுக்கு அனுப்புவது எப்படி

என் மாயப்புனைவு நாவலில் ஒரு பாலம் வருகிறது. அதன் ஒவ்வொரு கண்ணுக்குள்ளும், அதாவது வளைவுக்குள்ளும், ஒரு காவல் மிருகம் குடியிருக்கும். கேரளத்தின் கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் ரயில் பாலம்தான் அதற்கு மூலம். செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு தாண்டிப் போனால் ரோட்டோரமாகவே தெரியும். 1904இல் ரயில் ஓடத் தொடங்கிய பாதை. ஓவியர் யாரிடமாவது கொடுக்கலாம் என்றுதான் முதலில் இருந்தேன். ஆனால் எந்தக் கண்ணில் எந்த மிருகம் எப்படிச் சுருண்டு படுத்திருக்கும் என்று எனக்குத்தானே தெரியும்? நானே வரைந்துவிட்டேன். மொத்தம் 11 படங்கள்.

முகம் வரைய வராது என்று தயங்குகிறவர்கள் இடத்தை வரையுங்கள். 1937இல் வந்த 'தி ஹாபிட்' முதல் பதிப்பின் கறுப்பு வெள்ளைப் படங்களை அதை எழுதிய டோல்கீனே வரைந்தார். அவற்றில் மலையும் காடும் ஆறும்தான் அதிகம்.

படி 1: அளவு

தமிழ் நாவல்கள் பெரும்பாலும் டெமி அளவில் வருகின்றன, சுமாராக 5.5 x 8.5 அங்குலம். மார்ஜின் போகப் படத்துக்கு 4.5 x 7 கிடைக்கும். அதை ஒன்றரை மடங்காக்கி, 6.75 x 10.5 அங்குலத்தில் பெட்டி போட்டு வரையுங்கள். ஏ4 தாளில் சரியாக அடங்கும். அச்சில் சுருங்கும்போது சின்னச் சின்னக் கைநடுக்கம் தெரியாது.

படி 2: பேனா

படம் சுருங்கும்போது கோடும் மெலியும். மைக்ரான் என்ற மை பேனாக்களில் எண் கூடக் கூடக் கோடு தடிக்கும். அதில் 005 பேனாவின் கோடு 0.20 மி.மீ.; புத்தகத்தில் அது 0.13 ஆகிவிடும். புத்தகம் அடிக்கும் மேப்லித்தோ தாளில் அவ்வளவு மெல்லிய கோடு அங்கங்கே அறுந்து நிற்கும். அதனால் 01க்குக் கீழே போக வேண்டாம். வெளிக்கோட்டுக்கு 03, இருட்டுக்கு பிரஷ்ஷும் இந்தியன் இங்க்கும். ஜெல் பேனா வேண்டவே வேண்டாம். பென்சில் கோட்டை அழிக்கும்போது மையும் சேர்ந்து இழுபடும்.

எங்கள் பக்கம் ஜூனில் சாரல் தொடங்கிவிட்டால் தாள் நமுத்துப்போய் மை ஊறும். தாள்களை பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவுக்குள் வைத்திருந்து, வரையும் நேரத்தில் மட்டும் வெளியே எடுத்தேன்.

ஒரு படம் முடிந்ததும் ஜெராக்ஸ் கடையில் 67 சதவீதத்துக்குச் சுருக்கி ஒரு காப்பி எடுத்துப் பாருங்கள். நிழலுக்குப் போட்ட குறுக்குக்கோடுகள் ஒட்டிக்கொண்டு கரும்பட்டையாகத் தெரிந்தால், அடுத்த படத்தில் இடைவெளியைக் கூட்டுங்கள்.

படி 3: ஸ்கேன்

போன் கேமரா ஓரங்களை வளைத்துவிடும். தட்டை ஸ்கேனர்தான் வேண்டும். கடையில் சும்மா கொடுத்தால் குறைந்த டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) பிடிஎஃப் ஆக்கித் தந்துவிடுவார்கள். "அண்ணாச்சி, 600 டிபிஐ, கிரேஸ்கேல், டிஃப் ஃபைலா குடுங்க" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கிரேஸ்கேல் என்றால் கலர் இல்லாமல் சாம்பல் சாயல்களோடு; டிஃப் என்பது தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் ஃபைல் வகை. ஒன்றரை மடங்கில் வரைந்ததால் புத்தக அளவில் அது 900 டிபிஐ ஆகிறது. கோட்டோவியத்துக்கு அது போதும்.

படி 4: சாம்பலை நீக்குவது

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். ஸ்கேன் செய்த ஃபைலை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பினேன். ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, வந்தது. மூன்றாம் கண்ணில் படுத்திருக்கும் மிருகத்தின் பிடரியை மயிர் மயிராக இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்திருந்தேன். அது பஞ்சு மாதிரி மங்கிக் கிடந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கோட்டின் ஓரமெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கிறது. அச்சு இயந்திரத்துக்குச் சாம்பல் நிறம் என்று ஒன்று கிடையாது. சாம்பலாக எது வந்தாலும் அதைக் கறும்புள்ளிகளாக உடைத்துத்தான் அடிக்கும். நம் கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் கோட்டின் ஓரத்திலும் தாளின் பின்னணியிலும் ஸ்கேனருக்குச் சாம்பல் தெரிந்திருக்கிறது.

எனவே படத்தில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே இருக்க வேண்டும். நான் பயன்படுத்துவது கிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருள், இலவசம். படம் சாய்ந்திருந்தால் முதலில் நேராக்குங்கள், பிறகு திருப்பினால் கோடு படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். அப்புறம் கலர்ஸ் மெனுவில் த்ரெஷோல்ட், எந்தச் சாம்பல் கறுப்பாகும், எது வெள்ளையாகும் என்று பிரிக்கும் எல்லை. அது 127இல் நிற்கும். எண்ணைக் குறைத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். கூட்டினால் தாளின் அழுக்கெல்லாம் கறுப்பாக எழுந்து வரும். என் படங்களுக்கு 160 பக்கம் சரியாக வந்தது. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தின் மிக மெல்லிய கோட்டையும் மிக நெருக்கமான நிழலையும் பெரிதாக்கிப் பார்த்து, இரண்டும் பிழைக்கும் இடத்தில் நிறுத்துங்கள். அழுக்குப் புள்ளிகளை வெள்ளை பிரஷ்ஷால் அழித்துவிடலாம்.

கடைசியாக, இமேஜ் மெனுவில் மோட், இன்டெக்ஸ்ட் போய் 1 பிட் கறுப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்து, டிஃப் ஆகச் சேமியுங்கள். வேர்டில் செருகி அனுப்ப வேண்டாம், அது படத்தைத் தானாகவே சுருக்கிவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ப்ரூஃப், புத்தகம் அடிக்கப்போகும் அதே தாளில் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

பின்சேர்க்கை 1: மின்நூலுக்கும் இதே ஃபைலா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். திரையில் சுருங்கும்போது 1 பிட் படம் பிசிறடிக்கும். படி 3இல் எடுத்த கிரேஸ்கேல் ஃபைலில் பின்னணியை மட்டும் வெளுத்து அதைப் போடுங்கள். அந்த ஃபைலை அழித்துவிடாமல் வைத்திருங்கள்.

பின்சேர்க்கை 2: இரண்டு பக்கத்துக்கு விரியும் படம் பற்றி இன்னொருவர் கேட்டார். என் முழுப் பாலமும் அப்படித்தான் இருந்தது. மாதிரிப் பிரதியை விரித்தால் 13 கண்களில் நடுவில் இருக்கும் ஏழாவது, மிருகத்தோடு சேர்ந்து பைண்டிங்குக்குள் போயிருந்தது. மடிப்பின் இரண்டு பக்கமும் கால் அங்குலத்துக்கு முக்கியமான எதையும் வைக்காதீர்கள். நான் பாலத்தை இடப்பக்கம் கொஞ்சம் தள்ளி, மடிப்பில் தூண் விழும்படி மறுபடி வரைந்தேன். ஏழாவது கண்ணின் மிருகம் இப்போது இடப்பக்கத்தில் முழுசாகத் தெரிகிறது, வால் நுனி வரைக்கும்.