கிலோவுக்கு 30 ரூபாய்: சின்ன சேனல் வைத்துக் கடற்கரைக் குப்பைக்கு நிதி திரட்டுவது எப்படி

2021 அக்டோபர் கடைசியில் மிஸ்டர் பீஸ்ட், மார்க் ராபர் என்ற இரண்டு பெரிய யூடியூபர்கள் கடல் குப்பையை அகற்ற 'டீம் சீஸ்' (Team Seas) என்ற நிதி திரட்டலைத் தொடங்கினார்கள். இலக்கு 3 கோடி டாலர், 2022 புத்தாண்டுக்குள். அவ்வளவு பெரிய தொகை சேர்ந்ததற்கு ஒரு எளிய கணக்குதான் காரணம் என்று நினைக்கிறேன்: ஒரு டாலர் கொடுத்தால் ஒரு பவுண்டு குப்பை வெளியே வரும். கொடுப்பவருக்குத் தன் காசு என்ன செய்தது என்று தெரிந்துவிடுகிறது.

என்னுடையது மீன் சமையல் சேனல், 11,000 பேர் பார்க்கிறார்கள். போன வருடம் ஒரு டன் குப்பைக்குப் பணம் திரட்டினோம். நீங்களும் செய்யலாம்.

முதலில் உங்கள் ஊரில் ஒரு கிலோ குப்பையை எடுக்க எவ்வளவு செலவாகும் என்று கண்டுபிடியுங்கள். நாங்கள் நான்கு பேர் ஒரு தராசோடு சென்னை பட்டினப்பாக்கம் கடற்கரைக்குப் போய் இரண்டு மணி நேரம் பொறுக்கினோம். 84 கிலோ. குட்டியானை வாடகை 1,200, கையுறையும் சாக்கும் 500, டிபன் 480. கிலோவுக்கு 26 ரூபாய் வந்தது. எதிர்பாராத செலவுக்கும் சேர்த்து 30 என்று வைத்தோம். எடை போடும் முன் மண்ணையும் தண்ணீரையும் நன்றாக உதறிவிடுங்கள். ஈரத் துணியும் மணல் நிறைந்த பாட்டிலும் எடையை எக்கச்சக்கமாக ஏற்றிவிடும். பணம் கொடுத்தவர்கள் மணலுக்குக் கொடுக்கவில்லை.

பணத்தை உங்கள் கணக்கில் வாங்காதீர்கள். முதல் தடவை என் யுபிஐ எண்ணையே திரையில் போட்டேன். வீட்டு மளிகை, பால் பாக்கி, நன்கொடை எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டது. பார்வையாளர் ஒருவர் கணக்குக் கேட்டபோது பிரித்தெடுக்க இரண்டு ராத்திரி ஆனது. நேரலையில் யூடியூப் வழியாகவே பணம் அனுப்பும் சூப்பர் சாட்டும் வேண்டாம், அதில் 30 சதவீதம் யூடியூபுக்குப் போய்விடும். கடற்கரை வேலை செய்யும் பதிவு பெற்ற அறக்கட்டளையிடம் பேசி, அவர்களுடைய க்யூஆர் குறியீட்டையே காட்டுங்கள். வருமான வரிக் கழிவுக்கான 80ஜி ரசீது தருவார்களா என்று கேளுங்கள். ஆனால் 'வரி மிச்சம்' என்று நேரலையில் வாக்குக் கொடுக்காதீர்கள். புதிய வரிமுறையில் இருப்பவர்களுக்கு அந்த வரிக் கழிவு கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர்களிடம் வாங்க அறக்கட்டளைக்கு எஃப்.சி.ஆர்.ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) அனுமதி வேண்டும். அது இல்லையென்றால் அன்போடு மறுத்துவிடுங்கள்.

அப்புறம் இடம். டீம் சீஸ் பணத்தில் ஒரு பாதி ஓஷன் கன்சர்வன்சி என்ற அமைப்பு வழியாகக் கரைகளுக்கும், மறுபாதி தி ஓஷன் கிளீனப் என்ற அமைப்பு வழியாக ஆறுகளில் குப்பை பிடிக்கும் இயந்திரங்களுக்கும் போனது. அந்த ஆற்றுப் பாதிதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் ஊர்க் குப்பை கடலுக்குப் போகும் வழியே ஆறுதான். அதனால் அடையாறு முகத்துவாரத்தைப் பிடித்தோம். வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்த மறுவாரம் அங்கே போய்ப் பாருங்கள், தெரியும். பங்குனி ஆமைகள் (ஆலிவ் ரிட்லி கடலாமைகள்) ஜனவரியிலிருந்து முட்டையிட வரும். அப்போது கையால் மட்டும் பொறுக்குங்கள். ஜேசிபி வேண்டாம், ராத்திரி விளக்கும் வேண்டாம்.

மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் சொல்லி, குப்பை எங்கே போகும் என்று முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள். பாட்டிலையும் அறுந்த வலையையும் காயலான் கடைக்காரர் எடுத்துக்கொள்வார். ஷாம்பு பாக்கெட்டையும் சிப்ஸ் கவரையும் யாரும் வாங்க மாட்டார்கள். எங்கள் சாக்குகளில் பாதி அதுதான்.

பக்கத்து மீனவர் குப்பத்து ஆட்களிடம் முந்தின நாளே பேசுங்கள். கேமராவைத் தூக்கிக்கொண்டு திடீரென்று போய் நிற்பது மரியாதை இல்லை. அங்கே ஒரு மீனவர் சொன்னார், "யக்கா, நீங்க ஒரு நாள் பொறுக்கிட்டுப் போயிடுவீங்க, எங்க வலையில தெனமும் வருது." அதை அப்படியே வீடியோவில் வைத்தேன். அன்று ராத்திரிதான் அதிகப் பணம் வந்தது.

சுத்தம் செய்வதை விடியற்காலை 5.30-க்குப் பதிவு செய்யுங்கள், நிதி கேட்கும் நேரலையை ராத்திரி 8 மணிக்கு வையுங்கள். ஒவ்வொரு சாக்கும் தராசில் ஏறும்போது எண் திரையில் தெரிய வேண்டும். அதைச் சத்தமாகவும் வாசியுங்கள்.

ஒரு வாரத்துக்குள் வரவு செலவைப் போட்டுவிடுங்கள். எங்களுக்கு 2,140 ரூபாய் மிச்சம். நன்கொடையாளர்களிடம் கேட்டுவிட்டு, அறுந்த வலையைக் கடலில் விடாமல் கரைக்குக் கொண்டுவர, அந்தக் குப்பத்துப் படகுகளுக்குச் சாக்கு வாங்கிக் கொடுத்தோம்.