இருசொற்பெயர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தாவர மாதிரிகளுக்குச் சீட்டு எழுதப் பழகுபவர்களிடம், நான் ஆரம்பத்தில் செய்த பிழைகளே திரும்பத் திரும்ப வருகின்றன. இருசொற்பெயர் என்பது ஓர் உயிரின் அறிவியல் பெயர்: முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். இலத்தீன் எழுத்தில் பேரினத்தின் முதலெழுத்து பெரியது, சிற்றினத்துடையது சிறியது, இரண்டும் சாய்வெழுத்து என்பதெல்லாம் பாடநூலிலேயே இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன்.

பேரினத்தைச் சுருக்குவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு மாணவர் காய்ந்த இலைகளை உறை உறையாகப் போட்டு, எல்லாவற்றிலும் 'அ. இண்டிகா' என்றே எழுதியிருந்தார். சில உறைகளில் வேம்பு, அதாவது அசாடிராக்டா இண்டிகா. மற்றவற்றில் குப்பைமேனி, அகாலிஃபா இண்டிகா. இலையாக இருந்தவரை பார்த்தாலே தெரிந்தது. பொடியாக்கி அதே சீட்டுகளை ஒட்டிய பிறகுதான் எந்தப் பொடி எது என்ற கேள்வி வந்தது. எதையும் நம்ப முடியாமல் மொத்தத்தையும் கொட்டினோம். ஒரு பருவம் முழுக்கச் சேகரித்தது!

சிற்றினச் சொல் தனியாக நின்றால் எந்த உயிரையும் குறிக்காது. மாமரமும் இண்டிகா, புளியமரமும் இண்டிகா. முதலெழுத்தைச் சேர்த்தாலும் போதாது. குடல் பாக்டீரியாவான எஸ்செரிச்சியா கோலை, குடலில் வாழும் அமீபாவான என்டமீபா கோலை, இரண்டையும் இலத்தீன் எழுத்தில் சுருக்கினால் 'ஈ. கோலை'தான். ஏன், பேரினம் மட்டும் முழுதாக இருந்தாலும் சிக்கல் உண்டு. தாவரத்துக்கும் விலங்குக்கும் பெயரிடும் விதித்தொகுப்புகள் தனித்தனி என்பதால், மோரஸ் என்பது முசுக்கொட்டைக்கும் பேரினப் பெயர், ஒரு கடற்பறவைக்கும் பேரினப் பெயர்.

கட்டுரையில் முதல் முறை முழுப்பெயர் வரட்டும். பிறகு குழப்பம் வராத இடத்தில் மட்டும் சுருக்குங்கள். சீட்டிலோ, ஒருபோதும் வேண்டாம்.

ஒரே சொல்லை இருமுறை வைப்பது

விலங்குக்குச் செல்லும்: கொரில்லா கொரில்லா. தாவரத்துக்குச் செல்லாது.

பொருள் பார்த்துத் திருத்துவது

சில்லா பெருவியானா மத்தியதரைக்கடல் பகுதிச் செடி. பெரு நாட்டுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் பெயர் அதுவே. பொருந்தவில்லை என்பதற்காக மாற்ற விதி இடம் தருவதில்லை.

அடைப்புக்குறியை விடுவது

இருசொற்பெயர் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸ் 1758இல் சிங்கத்துக்கு வைத்த பெயர் ஃபெலிஸ் லியோ. பின்னாளில் அது பாந்தெரா பேரினத்துக்குப் போனதால், இன்று பாந்தெரா லியோ (லின்னேயஸ், 1758) என்று எழுதுகிறோம். பேரினம் மாறிய செய்தியைச் சொல்வதே அந்த அடைப்புக்குறி. பேரினம் மாறாத விலங்குப் பெயரில் அதைப் போட்டால் நடக்காத மாற்றத்தை நடந்ததாகச் சொல்கிறீர்கள். தாவரத்தில் இன்னொரு படி உண்டு: முதலில் பெயரிட்டவர் அடைப்புக்குறிக்குள், இடம் மாற்றியவர் அதற்கு வெளியே.