கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று உங்கள் ரிசப்ஷனுக்குத் தெரியுமா?

கோத்தகிரியில் ஒரு சின்ன கிளினிக்கில் ரிசப்ஷன், கணக்கு இரண்டையும் பல வருடமாகப் பார்க்கிறேன். மலையில் புதிதாக கிளினிக் தொடங்குபவர்கள், "டாக்டர் நல்லாத்தான் பார்க்கிறார், ஆனா ஒருமுறை வந்தவங்க திரும்ப வர்றதில்லை" என்று வருத்தப்படும்போது நான் முதலில் கேட்பது இந்தத் தலைப்பில் இருக்கும் கேள்வியைத்தான்.

வந்த வரிசையில் டோக்கன் கொடுப்பது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்த அம்மா, பக்கத்துத் தெருக்காரருக்குப் பின்னால் காத்திருந்து பஸ்ஸைத் தவறவிட்டால், ஜீப்புக்குக் கொடுக்கும் காசு டாக்டர் ஃபீஸைத் தாண்டிவிடும். அப்புறம் அவரும் வர மாட்டார், அந்த லைனில் வேறு யாரும் வர மாட்டார்கள். டோக்கன் எழுதும்போதே ஊரையும் பஸ் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரை முன்னால் அனுப்பினால் காரணத்தை மற்றவர்களிடம் சொல்லிவிடுங்கள், புரிந்துகொள்வார்கள்.

அடுத்தது சர்க்கரை டெஸ்ட். "காலையில சாப்பிடாம வாங்க" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பெரிய தவறு, நாங்களே செய்திருக்கிறோம். ஒரு பெரியவர் சாப்பிடாமல், ஆனால் சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்தார், சர்க்கரை அளவு இறங்கிப்போய் டிசம்பர் குளிரில் உடம்பெல்லாம் வியர்த்து பெஞ்சிலேயே சாய்ந்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினோம், இன்றைக்கும் அது என் மனதை விட்டுப் போகவில்லை. அன்றிலிருந்து மாத்திரையையும் டிபனையும் கையில் கொண்டு வாருங்கள், ரத்தம் எடுத்த பிறகு இரண்டும் என்று எழுதியே கொடுக்கிறோம். மூன்று மாதச் சராசரி காட்டும் எச்.பி.ஏ.1.சி. டெஸ்ட்டுக்கு வெறும் வயிறே தேவையில்லை, தூரத்திலிருந்து வருபவருக்கு அது போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ஆனால் ரத்தசோகை இருந்தால் அது தப்பாகக் காட்டலாம், கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் இருக்கும் சிக்கிள் செல் என்ற பரம்பரை ரத்த நோயிலும் அப்படித்தான்.

பிரஷர் பார்ப்பதிலும் அவசரம் வேண்டாம். நம் ஊரில் பாதிக் கிளினிக் படி ஏறித்தான் போக வேண்டும். மூச்சு வாங்க வந்தவரை ஐந்து நிமிடமாவது உட்கார வைத்துவிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, எனக்குக் கோபமே வரும். கவுன்ட்டரிலிருந்து "என்னம்மா, வெள்ளைப்படுதலா?" என்று சத்தமாகக் கேட்பது. பெஞ்சில் இருப்பவர்களில் இரண்டு பேராவது அவருக்குச் சொந்தமாக இருப்பார்கள். இந்தப் பெண்கள் பிறகு குன்னூருக்கோ மேட்டுப்பாளையத்துக்கோ போய்க் காட்டுகிறார்கள், இல்லை காட்டாமலேயே விட்டுவிடுகிறார்கள். காரணத்தை உள்ளே நர்ஸ் கேட்கட்டும்.

"கீழே கோயம்புத்தூர் போயிடுங்க" என்று ஒரு சீட்டை மட்டும் கையில் கொடுத்து அனுப்பாதீர்கள். அங்கே எந்த நாளில் ஓ.பி., முதலமைச்சர் காப்பீட்டு அட்டை செல்லுமா, எவ்வளவு ஆகும் என்று நீங்களே போன் போட்டுக் கேட்டுச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தால் அதையும் விசாரித்துச் சொல்லுங்கள். நாங்கள் இப்படி அனுப்பியவர்கள் திரும்பி வந்ததும் ரிப்போர்ட்டை எங்களிடம்தான் முதலில் கொண்டு வந்து காட்டுகிறார்கள்.