புது ஸ்மார்ட் வாட்ச் வாங்கியாச்சா? முதல் நாளே இதைச் செய்யுங்கள்

வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மற்றக் கையில் பையோடு நிற்கிறீர்கள். போன் அடிக்கிறது. அந்த நெரிசலில் போனை வெளியே எடுத்தால் தவறி விழலாம், களவும் போகலாம். வாட்ச் இருந்தால் மணிக்கட்டைப் பார்த்தே யார் எடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்வீர்கள். அதற்கு அதைச் சரியாக செட் பண்ணியிருக்க வேண்டும்.

1. இணைப்பது

முதலில் முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கள். பெட்டியிலோ வாட்ச் திரையிலோ உள்ள கியூஆர் குறியை ஸ்கேன் செய்து, அந்த வாட்ச்சுக்குரிய அப்பை இறக்குங்கள். போனின் புளூடூத் பட்டியலுக்குப் போய் நேரே இணைக்க வேண்டாம். அப்படி இணைத்த வாட்ச் அப்பின் தேடலில் பெரும்பாலும் வராது. ஏற்கெனவே இணைத்துவிட்டால், அந்தப் பட்டியலில் ‘ஃபொர்கெட்’ கொடுத்துவிட்டு அப்பிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.

2. எது மணிக்கட்டுக்கு வரலாம்?

புதிதாக வாங்குபவர்கள் அதிகம் பிழை விடுவது இங்கேதான். எல்லா நோட்டிபிகேஷனையும் திறந்துவிட்டால், குடும்ப வட்ஸ்அப் குரூப்பின் ஒவ்வொரு காலை வணக்கத்துக்கும் கை அதிரும். மூன்றாம் நாள் வாட்ச் லாச்சிக்குள் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் ஒஃப் செய்யுங்கள். பிறகு கோல், எஸ்எம்எஸ், கலண்டர் மூன்றை மட்டும் ஒன் செய்யுங்கள். வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வரும் என்பதால் அது கட்டாயம் வேண்டும். வட்ஸ்அப் தேவையென்றால் சேருங்கள், ஆனால் குரூப்களை வட்ஸ்அப்பிலேயே மியூட் செய்துவிடுங்கள்.

விலை குறைந்த சில வாட்ச்களில் தமிழ் எழுத்துகள் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதற்குள் தமிழ் எழுத்துரு இல்லாததுதான் காரணம். செட்டிங்ஸால் திருத்த முடியாது. கடையிலேயே ஒரு தமிழ் மெசேஜ் அனுப்பிப் பார்த்து வாங்குங்கள்.

3. இரண்டு மணித்தியாலத்தில் மெசேஜ் நின்றுவிட்டதா?

வாட்ச்சில் பிழையில்லை. பற்றரியை மிச்சம்பிடிக்க ஆண்ட்ராய்ட் அந்த அப்பைப் பின்னணியில் நிறுத்திவிடுகிறது. போனின் செட்டிங்ஸில் அந்த அப்பைத் திறந்து, பற்றரி என்ற இடத்தில் ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ தெரிவு செய்யுங்கள். ஐபோனில் மெசேஜ் வராவிட்டால், புளூடூத் பட்டியலில் வாட்ச்சின் பெயருக்குப் பக்கத்திலுள்ள ‘ஐ’ குறியைத் தொட்டு, ‘ஷேர் சிஸ்டம் நோட்டிபிகேஷன்ஸ்’ ஒன் செய்யுங்கள்.

4. கட்டும் இடம்

மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே, முழங்கைப் பக்கமாகக் கட்டுங்கள். பின்புறத்தில் மினுங்கும் பச்சை ஒளி தோலுக்குள் போய், இரத்த ஓட்டத்தின் ஏற்ற இறக்கத்துக்கேற்பத் திரும்புகிறது. அதை வைத்தே இதயத் துடிப்பு கணக்கிடப்படுகிறது. தளர்வாகக் கட்டினால் வெளி வெளிச்சம் உள்ளே புகுந்து கணக்குப் பிழைக்கும். காலிமுகத்திடலில் வேகமாக நடக்கும்போது ஒரு துளை இறுக்குங்கள், முடிந்ததும் தளர்த்துங்கள்.

காலடிக் கணக்கு கையின் அசைவை நம்பியது. அதனால் பஸ் குலுங்கினால் கூடலாம். கடையில் தள்ளுவண்டியைப் பிடித்து நடந்தால் குறையலாம்.

கொழும்பு வெக்கையில் பட்டிக்கு அடியில் வியர்வை தேங்கிச் சொறி வரும். நாள்தோறும் கழற்றி, பட்டியைக் கழுவி, நன்றாக உலர்த்திக் கட்டுங்கள். சார்ஜ் ஏறும் உலோகப் புள்ளிகளையும் துடையுங்கள். வியர்வை உப்பு படிந்தால் அவை கறுத்து, சார்ஜ் ஏறாமல் போகும். நீர் தாங்கும் அளவாக ‘5 ஏடிஎம்’ என்று போட்டிருந்தாலும் சுடுநீரிலும் சவர்க்காரத்திலும் நனைக்காதீர்கள், நீரைத் தடுக்கும் ரப்பர் பழுதாகும்.

5. இதை எதற்கு நம்பக்கூடாது

ஊசி குத்தாமல் சீனி அளவு காட்டும் என்று சொல்லி விற்கும் வாட்ச்களை வாங்காதீர்கள். அப்படிப்பட்ட எதற்கும் தாம் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2024 பெப்ரவரியில் எச்சரித்தது. அந்த இலக்கத்தைப் பார்த்து இன்சுலின் அளவை மாற்றினால் உயிருக்கே ஆபத்து. நெஞ்சு வலிக்கும்போது வாட்ச் என்ன காட்டினாலும் பொருட்படுத்தாமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

6. டைமர்

கூடுதலாகக் கைகொடுப்பது இதுதான். பருப்பை அடுப்பில் வைத்து 15 நிமிடம் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகலாம், கை அதிரும்போது திரும்பி வந்தால் போதும். பஸ்ஸில் தூங்கிவிடுபவர்கள் இறங்கும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாக அதிரும்படி வையுங்கள். காலி வீதியில் நெரிசல் எப்படியும் நேரத்தை மாற்றும். சார்ஜ் போட நல்ல நேரம் நீங்கள் குளிக்கும் நேரம்.