நல்லிணக்க விழாவுக்கு மேடை போடும் முன்: கடலூர், புதுச்சேரி தன்னார்வலர்களுக்குச் சில யோசனைகள்

நம்ம பகுதியில் எல்லா சாதி, மதம், மொழிக்காரர்களையும் சேர்த்து ஏதாவது செய்யணும் என்று நாலு பேர் கிளம்பினால் முதலில் பேச்சு வருவது மேடை, பேனர், சிறப்பு விருந்தினர் இந்த மூன்றைப் பற்றித்தான். அப்புறம் ஒரு பையனுக்குப் பூணூல், ஒரு பையனுக்குத் தொப்பி, ஒரு பையனுக்குச் சிலுவை மாட்டி கைகோத்து நிற்க வைத்து போட்டோ எடுப்பார்கள், பொன்னாடை போர்த்துவார்கள், எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மறுநாள் அதே தெருவில் அதே ஆள் அதே இடத்தில் தள்ளி நிற்பார். யாரை மேடையில் ஏற்றினோம் என்பதை விட, விழாவை எப்படி நடத்தலாம் என்று முடிவெடுக்க உட்கார்ந்த கூட்டத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான், கீழே உள்ளதெல்லாம் அதைச் செய்யும் வழி.

முதல் வேலை, உங்கள் வார்டை ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தே சுற்றி வருவது. பைக் வேண்டாம். கடலூர் முதுநகர் பக்கம் என்றால் துறைமுகத்து மீனவர் குடும்பங்கள், மரைக்காயர் வீடுகள், தலைமுறையாக அடகுக் கடை வைத்திருக்கும் மார்வாடிகள், சிப்காட் கம்பெனிகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்து ஒரே ரூமில் ஏழெட்டுப் பேராகத் தங்கியிருக்கும் பீகார், ஒடிசாக்காரர்கள், ஆற்றோரம் இருளர் குடியிருப்புகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். புதுச்சேரியில் கலவை வேறு மாதிரி. மாஹேயும் ஏனாமும் அதே யூனியன் பிரதேசம் என்பதால் அரசு வேலைக்காக வந்த மலையாளக் குடும்பமும் தெலுங்குக் குடும்பமும் இருப்பார்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள் இருப்பார்கள், வியட்நாமின் சைகோன் தொடர்பில் அந்த ஊர்ப் பலகாரமான சாயோ பொரிக்கக் கற்றுக்கொண்ட வீடுகளும் உண்டு, சேதராப்பட்டு பக்கம் போனால் தொழிற்பேட்டையில் வேலைக்கு வந்த வடமாநிலத்தவர். இவர்களைப் பற்றிய தகவலுக்குப் படிவம் அச்சடித்துக்கொண்டு போகாதீர்கள். பேர், ஊர், ஆதார் என்று யாராவது கேட்டாலே வெளியூர்த் தொழிலாளி பயந்துவிடுவார், அதில் நியாயமும் இருக்கிறது. டீக்கடை, மளிகைக் கடை, ரீசார்ஜ் கடை, அங்கன்வாடி டீச்சர் இந்த நாலு இடத்தில் பேசினாலே தெருவில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

அப்புறம் கூட்டம். இடம்தான் பாதி வேலை. கோயில் மண்டபத்தில் வைத்தால் சிலர் வரமாட்டார்கள், சர்ச் ஹாலில் வைத்தால் வேறு சிலர், ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணையில் வைத்தால் காலனியிலிருந்து வருகிறவர் தெருவிலேயே நின்றுவிடுவார். அரசுப் பள்ளி வகுப்பறை, சமுதாய நலக்கூடம், கடற்கரை மணல் இதெல்லாம் பரவாயில்லை. மதத்தைப் பற்றி நம்மூரில் பேசுவது சுலபம், கேட்பதற்கு நன்றாக இருக்கும், கைதட்டலும் கிடைக்கும். சாதி என்று வந்தால்தான் அறை அமைதியாகிவிடும். அதனால் கூட்டத்தில் டீ வரும்போது கவனியுங்கள். யாருக்காவது எவர்சில்வர் டம்ளரும் யாருக்காவது பேப்பர் கப்பும் போகிறதா, யாராவது நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரம் நிற்கிறாரா, காலியான கப்பை எடுத்துப் போடுகிற வேலை எப்போதும் ஒரே ஆளுக்கு வருகிறதா? எல்லாருக்கும் ஒரே மாதிரி டம்ளர், உட்கார்ந்தால் எல்லாரும் பாயில் அல்லது எல்லாரும் நாற்காலியில், டம்ளர் கழுவுவது முறை வைத்து. இதைப் பேச்சில் அறிவிக்கவே வேண்டாம், செய்துவிட்டுப் போங்கள்.

நேரமும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா, ஞாயிறு காலை பூசை, இரண்டும் கிடையாது. வேலைக்குப் போகிற வடமாநிலப் பையன்கள் பலருக்கு ஞாயிறு மதியத்துக்கு மேல்தான் ஓய்வு. பெண்கள் வரவேண்டும் என்றால் மாலை நாலு மணிக்குள் முடியுங்கள், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வரலாம் என்று முதலிலேயே சொல்லுங்கள். மீனவக் குப்பங்களில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள், விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். ஆள் கிடைப்பார்கள், ஆனால் கையில் காசு இருக்காது, அந்த நேரத்தில் நன்கொடை நோட்டைக் கொண்டு நீட்டாதீர்கள். குப்பத்தில் எதைச் செய்வதானாலும் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் முதலில் போய்ச் சொல்லிவிடுவது மரியாதை. அவர்கள் எல்லாருக்காகவும் பேசுகிறார்கள் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம், குப்பத்துப் பெண்களைத் தனியாகச் சந்தியுங்கள், அங்கேதான் வேறு கதை வரும்.

என்ன நிகழ்ச்சி செய்வது?

புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கடலூர் மாவட்டத்துக்குள்ளேயே எத்தனையோ இருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகசாமி கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகும்போது, கிள்ளையில் தர்கா முன்பாக இஸ்லாமியர்கள் வரவேற்று மரியாதை செய்வது வழிவழியாக வருகிற வழக்கம். வடலூரில் வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமசாலையில் இன்றைக்கும் யார் வந்தாலும், என்ன சாதி என்று கேட்காமல், சாப்பாடு போடுகிறார்கள். இரண்டிலும் முழக்கம் எதுவும் இல்லை, வேலைதான் இருக்கிறது. உங்கள் திட்டத்தையும் அப்படி வேலையாக அமையுங்கள். ஒருவர் ஆட இன்னொருவர் பார்ப்பது போதாது, இரண்டு சமூகத்துக்காரர்கள் ஒரே வேலையில் கை வைக்க வேண்டும்.

ரமலானை எடுத்துக்கொள்ளுங்கள். இஃப்தாருக்குத் தொப்பி போட்டுக்கொண்டு போய் பேரீச்சம்பழத்தோடு செல்ஃபி எடுப்பது அரசியல்வாதிகள் வேலை. நீங்கள் பள்ளிவாசல் ஜமாத்தில் முன்கூட்டியே கேட்டுவிட்டு, வேண்டாம் என்றால் சரி என்று வந்துவிட்டு, வரலாம் என்றால் மதியமே போங்கள். நோன்புக் கஞ்சிக்கு அரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம் எல்லாம் பெரிய அண்டாவில் வெந்துகொண்டிருக்கும், இஞ்சி பூண்டு உரிக்க, வெங்காயம் நறுக்க, புதினா கிள்ள, தேங்காய் துருவ ஆள் எப்போதும் பத்தாது. அடிப்பிடிக்காமல் துடுப்பு போடுவது நாம் நினைப்பதை விடக் கஷ்டம், தோள் கழன்றுவிடும். மாலை அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள், எந்த வீட்டுப் பிள்ளை என்று யாரும் கேட்கமாட்டார்கள். ஊற்றிக் கொடுத்து முடித்து, அண்டா கழுவிவிட்டு வாருங்கள். அந்த ஒரு மதியத்தில் ஏற்படும் பழக்கம் பத்துக் கூட்டம் போட்டாலும் வராது.

இன்னொன்று சத் பூஜை. பீகார், கிழக்கு உத்தரப்பிரதேசத்துக்காரர்களுக்கு இதுதான் வருடத்தின் பெரிய விரதம். தீபாவளி முடிந்து ஆறாம் நாள் மாலை மறையும் சூரியனுக்கும், மறுநாள் விடியலில் உதிக்கும் சூரியனுக்கும் தண்ணீரில் நின்று அர்க்கியம் விடுவார்கள், கோதுமை மாவும் வெல்லமும் பிசைந்து பொரித்த தேக்குவா படைப்பார்கள். நம்மிடம் கிழக்குக் கடல் இருக்கிறது, ஆனால் அது வடகிழக்குப் பருவமழைக் காலம், கடல் சரியில்லாத நேரம், ஆற்றில் நின்று பழகியவர்களுக்கு நம்ம கடலின் இழுப்பு தெரியாது. தெரிந்தவர்கள் யார்? தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம் மாதிரி மீனவக் குப்பத்துப் பையன்கள். எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்று குறித்துக் கொடுத்து கயிறு கட்டி நிற்க அவர்களைக் கேளுங்கள், அன்றைக்குக் கடல் கொந்தளிப்பாக இருந்தால் குளத்துக்கோ தொட்டிக்கோ மாற்றுவதையும் அவர்களே முடிவு செய்யட்டும். பெண்கள் ஈரத்தோடு கரையேறுவார்கள், உடை மாற்ற ஒரு மறைப்பு, விளக்கு, குப்பத்துப் பெண்கள் ரெண்டு பேர் கூட இருந்தால் போதும். காவல் நிலையத்தில் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஊர்க்காரன் உதவுகிறான், வந்தவன் நன்றி சொல்கிறான் என்று இதை முடித்துவிடக் கூடாது. மாசி மகத்தன்று தண்ணீர்ப் பந்தலில் நிற்கவும், கூட்டத்தை ஒழுங்குபடுத்தவும் அதே பீகார்ப் பையன்களைக் கூப்பிடுங்கள்.

சாப்பாடு விஷயத்தில் ஒரு சண்டை நிச்சயம் வரும். 'சைவம் வைத்துவிட்டால் எல்லாரும் சாப்பிடலாம்' என்பார்கள். பாதி சரி. வடலூரில் சைவம் என்பது அந்த இடத்தின் நெறி, அதைக் கேள்வி கேட்க வேண்டியதில்லை. ஆனால் குப்பத்தில் விழா வைத்துவிட்டு மீன் கூடாது என்றால், விருந்துக்குக் கூப்பிட்டு அவர்கள் சாப்பாடு அசிங்கம் என்று சொல்வது போல ஆகிவிடும். இரண்டு அடுப்பு, இரண்டு அண்டா, தனித்தனிக் கரண்டி, எது எது என்று பெரிய எழுத்தில் அட்டை. கறி வாங்கினால் ஹலால் கடையில் வாங்கிவிடுங்கள், அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

மொழி பற்றி. வடக்கிலிருந்து வந்தவர் எல்லாருக்கும் இந்திதான் வீட்டு மொழி என்று நினைக்கிறோம். ஒடியா, வங்காளம், சந்தாலி பேசுகிறவர்கள் நிறைய. பலருக்கு எழுதப் படிக்கச் சிரமம், அதனால் நோட்டீஸை விட வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ் நன்றாக வேலை செய்யும். மொழிபெயர்க்க மேஸ்திரியையோ கான்ட்ராக்டரையோ கூப்பிடாதீர்கள், சம்பளப் பாக்கி பற்றி அவர் முன்னால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பல வருடமாக இங்கேயே இருக்கும் சலூன்காரர், பானிபூரிக்காரர் மாதிரி ஒருவரைப் பிடியுங்கள், அவருடைய நேரத்துக்கு ஏதாவது கொடுங்கள். ஞாயிறு மாலை அரை மணி நேரம் பேச்சுத் தமிழ் சொல்லிக்கொடுக்கலாம். 'அம்மா இங்கே வா' வேண்டாம், 'பஸ் எப்போ வரும்', 'எனக்குக் காய்ச்சல்', 'இந்த வாரச் சம்பளம் வரல' இதெல்லாம்தான் வேண்டும். அடுத்த அரை மணி அவர்கள் நமக்குச் சொல்லிக்கொடுக்கட்டும், நம் உச்சரிப்பைக் கேட்டு அவர்கள் சிரிக்கும்போதுதான் அந்த அறையில் இறுக்கம் விலகும். அவர்கள் பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருந்தால் அருகிலுள்ள அரசுப் பள்ளிக்கு நீங்களே கூடப் போங்கள். பிறப்புச் சான்று இல்லை என்பதற்காகத் தொடக்கக் கல்விச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, தலைமையாசிரியரிடம் பணிவாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

திருநங்கைகளைக் கடை திறப்புக்கும் ஆசீர்வாதத்துக்கும் கூப்பிடுகிற பழக்கம் நமக்கு உண்டு, வேலைக்குக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. 2008-லேயே நலவாரியம் அமைத்த மாநிலம் தமிழ்நாடு, ஆனாலும் தெருவில் நிலைமை அப்படியேதான் இருக்கிறது. வரவு செலவு நோட்டை ஒரு திருநங்கையிடம் கொடுத்துப் பாருங்கள், ஊர் முழுக்க அவரிடம் பேசித்தான் ஆகவேண்டும். கழிப்பறை எங்கே என்பதையும் சக்கர நாற்காலி உள்ளே வருமா என்பதையும் இடம் பார்க்கப் போகும்போதே பார்த்துவிடுங்கள்.

வதந்தி வந்தால்

தன்னார்வலர்கள் உண்மையாகத் தேவைப்படும் நேரம் இது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவியது நினைவிருக்கும். வேறு எங்கேயோ நடந்ததை இங்கே நடந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள், அதை நம்பித் தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். இதற்கு முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். ஒவ்வொரு சமூகத்திலிருந்தும் இரண்டு பேர், ஒருவர் நம்பர் இன்னொருவரிடம், ஏதாவது பரவினால் ஃபார்வர்டு செய்வதற்கு முன் நேரடியாகப் போன். பொய் என்று தெரிந்தாலும் அந்த வீடியோவை 'இது பொய்' என்று எழுதிக்கூட அனுப்பாதீர்கள், எழுத்து உதிர்ந்துவிடும், வீடியோ மட்டும் ஊர் சுற்றும். சம்பந்தப்பட்டவர் குரலிலேயே 'நான் கடலூரில்தான் இருக்கிறேன், நன்றாக இருக்கிறேன்' என்று அவர் மொழியில் பேசிய வாய்ஸ் ஒன்று போதும்.

எதிர்ப்பு வரும். வாட்ஸ்அப் குரூப்பில் பதில் எழுதாதீர்கள், இரண்டு பேராக எதிர்க்கிறவர் வீட்டுக்குப் போய் அவர் வீட்டுக் காபியைக் குடித்துவிட்டுப் பேசுங்கள். பாதிப் பேர் தன்னைக் கேட்கவில்லை என்ற கோபத்தில்தான் இருப்பார்கள். ஆனால் சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது, மிரட்டுவது என்று போனால் அது சமாதானம் பேசுகிற விஷயமே இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது, புகார் கொடுப்பதா என்பதைப் பாதிக்கப்பட்டவர் முடிவு செய்வார், நீங்கள் கூட நிற்க வேண்டும். நீங்கள் இரவு வீட்டுக்குப் போய்விடுவீர்கள், அவர் அதே தெருவில் இருக்க வேண்டியவர், அதனால் அவர் 'இப்போது வேண்டாம்' என்றால் நிகழ்ச்சியை நிறுத்திவிடுங்கள்.

சில்லறை விஷயங்கள்: ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குங்கள், இரவு 10 மணிக்கு மேல் கிடையாது. பேனரில் யார் முகமும் வேண்டாம், கட்சிக்காரர் பணம் தந்தால் அவர் படம் வரும், படம் வந்தால் பாதி ஊர் வராது. சின்னத் தொகையாகப் பல பேரிடம் வாங்கி எல்லாருக்கும் ரசீது கொடுங்கள்.

முடிந்த வாரமே கணக்கை வாசியுங்கள், தமிழில் ஒரு தடவை, புரியாதவர்களுக்கு அவர்கள் மொழியில் ஒரு தடவை. மிச்சப் பணம் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். அந்தக் கூட்டத்திலேயே அடுத்த கூட்டத்தின் தேதியைக் குறித்து, இடத்தை இதுவரை வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்த ஒருவரிடம் முடிவு செய்யச் சொல்லுங்கள்.