தோலைப் பார்த்த பிறகே கத்தரியை எடுங்கள்: மலையக சலூன்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன் பின்னந்தலையையும் காதுக்குப் பின்புறத்தையும் யாராலும் பார்த்துக்கொள்ள முடியாது. வீட்டிலுள்ளவர்களும் கவனிப்பதில்லை. நல்ல வெளிச்சத்தில், மிக அருகில் நின்று, மாதம் ஒரு முறையாவது அதைப் பார்ப்பவர் முடிதிருத்துநர் மட்டுமே. இலங்கையின் மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை சலூன்களில் ஞாயிற்றுக்கிழமை காத்திருப்பவர்களில் பலர் தோல் வைத்தியர் ஒருவரைச் சந்தித்தே இராதவர்கள். அதனால் இங்கே முடிதிருத்துநரின் கண்ணுக்கு மதிப்பு அதிகம்.

ஒன்றுக்கொன்று நேர் எதிரான இரண்டு தவறுகள் நடக்கின்றன. தொற்றாத நோய் உள்ளவரைத் திருப்பி அனுப்புகிறார்கள். தொற்றும் நோய் உள்ளவருக்கோ எதையும் கவனிக்காமல் வெட்டிவிடுகிறார்கள்.

வெண்புள்ளி உள்ள இளைஞனைக் கண்டதும், “இன்றைக்கு ஆள் அதிகம், பிறகு வாருங்கள் தம்பி” என்று சொல்லிவிடுவது கொடுமை. காரணம் அவனுக்குப் புரியாமலா போகும்? வெண்புள்ளி யாருக்கும் தொற்றாது. தோல் சிவந்து செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸும் தொற்றாது. நாணயம் அளவில் வட்டமாக முடி உதிர்ந்து தோல் வழுவழுப்பாகத் தெரியும் புழுவெட்டும் தொற்றாது. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மயிர்க்கால்களையே தாக்குவதால் வருவது அது. பொடுகும், மரக்கறித் தோட்டங்களில் பூச்சிநாசினி பட்டு வரும் ஒவ்வாமைத் தடிப்பும் அப்படியே.

இவர்களுக்கு வெட்டும்போது அஞ்ச வேண்டியது காயத்துக்கு மட்டும்தான். சொரியாசிஸ், வெண்புள்ளி இரண்டிலும் தோல் கீறுபட்ட இடத்தில் புதிய திட்டு கிளம்பக்கூடும். ஆகவே அங்கே பிளேட் வைக்காதீர்கள். செதிலைச் சீப்பால் சுரண்டி எடுப்பது உதவிபோலத் தோன்றும், அதுவும் காயம்தான். கத்தரியால் வெட்டுங்கள். மெஷின்தான் வேண்டுமென்றால் சீப்பு மாட்டி, அழுத்தாமல் ஓட்டுங்கள்.

தொற்றுபவற்றில் சலூனுக்கு முதல் எதிரி படர்தாமரை. உடம்பில் அது ஓரம் சிவந்த வளையமாகப் பரவுவது எல்லோருக்கும் தெரியும். தலையில் வந்தால் அப்படித் தெரிவதில்லை. பெரும்பாலும் பிள்ளைகளுக்கே வரும்: செதில் படிந்த ஒரு திட்டு, அதில் முடி அடியோடு ஒடிந்து கரும்புள்ளிகளாக நிற்கும். பொடுகு என்று நினைத்து மெஷினை ஓட்டினால், பூஞ்சை ஒட்டிய முடித்துணுக்குகள் அதன் பற்களுக்கிடையே தங்கி அடுத்த பிள்ளையின் தலைக்குப் போகும். ஒரே பாயில் படுத்து, ஒரே சீப்பால் சீவிக்கொள்ளும் லயத்துப் பிள்ளைகளிடம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் வாழும் பிள்ளைகளிடம்) அது வேகமாகப் பரவும். சிலவேளை அந்தத் திட்டு சீழ் வைத்து வீங்கும். கட்டி என்று நினைத்து அமுக்காதீர்கள்.

மொட்டையடித்தால் சரியாகிவிடும் என்று நம்பிப் பிள்ளையை அழைத்து வரும் தாய்மார் உண்டு. தலைப் படர்தாமரை மொட்டையால் போகாது. பூஞ்சை முடிக்குள்ளேயே இருப்பதால் மேலே பூசும் களிம்பு மட்டும் போதாது; வைத்தியர் தரும் மாத்திரையைப் பல வாரங்கள் எடுக்க வேண்டும்.

மாடு வளர்ப்பவர்களின் தாடியைத் தனியாகக் கவனியுங்கள். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் படர்தாமரை ஒன்று உண்டு. தாடையில் அது வலியுடன் வீங்கிச் சீழ் கசியும். பிளேட் பட்ட புண் என்று எண்ணி மறுபடி மழித்தால் இன்னும் பரவும்.

தேன் நிறப் பொருக்கு படிந்த புண், உதட்டோரக் கொப்புளம், இரவில் அதிகம் அரிக்கும் சொறி, பேன் ஆகியவை இருந்தாலும் குணமாகும்வரை முடி வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். மருவின் மேல் பிளேட் போனால், அது போன வழியிலேயே புதிய மருக்கள் முளைக்கக்கூடும்.

கண்டதைச் சொல்லும் விதத்தில்தான் நல்ல தொழிலாளர்கள்கூடத் தவறிவிடுகிறார்கள். “இது என்ன, சொறியா?” என்று கடை முழுவதும் கேட்கக் கேட்டால் அந்த மனிதர் வைத்தியரிடமும் போகமாட்டார், உங்களிடமும் திரும்ப வரமாட்டார். கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டி, குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்: “அண்ணன், இந்த இடம் உங்கள் கண்ணுக்குத் தெரிந்திராது. வைத்தியரிடம் ஒரு முறை காட்டுங்கள். குணமானதும் வாருங்கள், நானே வெட்டிவிடுகிறேன்.” பிள்ளையென்றால் தாயிடம் தனியாகச் சொல்லுங்கள். நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். அது வைத்தியரின் வேலை. நுவரெலியா, பதுளை போன்ற பெரிய அரச வைத்தியசாலைகளில் கட்டணமில்லாமல் தோல் நோய்க்குச் சிகிச்சை கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். வெளிறிய திட்டு ஒன்றில் தொட்டாலும் உணர்ச்சி இல்லை என்று ஒருவர் சொன்னால் அவரைக் கட்டாயம் அனுப்புங்கள். அது தொழுநோயாக இருக்கலாம். முடி வெட்டுவதால் அது பரவாது, மருந்தும் இலவசம், ஆனால் தாமதித்தால் நரம்புகள் பாதிக்கப்படும்.

களிம்பு சிபாரிசு செய்வதை அடியோடு நிறுத்துங்கள். ஸ்டீரொயிட் கலந்த களிம்பைப் படர்தாமரையில் பூசினால் அரிப்பும் சிவப்பும் அடங்கும். பூஞ்சை மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு வைத்தியருக்கே அடையாளம் காண்பது கடினமாகிவிடும்.

மலைநாட்டுக்கே உரிய சங்கடம் துவாய். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஹட்டன் பக்கம் துணி நாள்கணக்கில் காயாது. அதற்காக ஈரத் துவாயையே ஒவ்வொருவர் கழுத்திலும் போடுவது பெருந்தவறு. ஆளுக்கொரு டிஷுக் கடதாசியைக் கழுத்தைச் சுற்றி வைத்து, அதன் மேல் போர்வைத் துணியைக் கட்டுங்கள். மழை மாதங்களுக்குத் துவாய்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சுடுநீரில் துவைத்து, அடுப்படிச் சூட்டிலாவது முழுமையாக உலர்த்துங்கள்.

காலையில் கலக்கிய தொற்றுநீக்கித் தண்ணீரிலேயே மாலைவரை சீப்பையும் கத்தரியையும் முக்கி எடுப்பதால் பயனில்லை. முடியும் எண்ணெயும் மிதக்கும் தண்ணீர் கிருமியைக் கொல்லாது. முதலில் முடியைத் தூரிகையால் தட்டி, சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். அதன் பிறகே புதிதாகக் கலக்கிய தொற்றுநீக்கியில், போத்தலில் எழுதியுள்ள நேரம்வரை ஊற வைக்க வேண்டும். மெஷினின் பிளேடைக் கழற்றித் துப்புரவாக்கி, 70 சதவீத ஸ்பிரிட்டால் நனைத்து, தானாக உலர விட்டு எண்ணெய் இடுங்கள். கருவிகளை உள்ளே வைக்கும் நீல விளக்குப் (புற ஊதா ஒளி) பெட்டியை நம்பி இதைத் தவிர்க்காதீர்கள். ஒளி படாத இடுக்குகளில் அது எதுவும் செய்யாது.

படிகாரக் கல்லை ஒருவர் முகத்தில் தேய்த்துவிட்டு அடுத்தவருக்கும் தேய்ப்பது இரத்தத்தையே கைமாற்றுவதாகும். ஈரல் அழற்சியை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலுக்கு வெளியே 7 நாட்களாவது உயிர்ப்புடன் இருக்கும். படிகாரத்தைத் தூளாக்கிப் புதுப் பஞ்சில் தொட்டு வையுங்கள், பஞ்சை எறிந்துவிடுங்கள். பிளேட் ஆளுக்கொன்று புதிதாக, அவர் கண்முன்னே பிரித்ததாக இருக்கட்டும்.

உங்கள் விரலில் வெட்டுக்காயம் இருந்தால் அதை மூடிக் கையுறை போடுங்கள். ஹெபடைடிஸ் பி நோய்க்குப் பெரியவர்களும் போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு. நாளெல்லாம் பிளேடுடன் வேலை செய்பவர் என்று வைத்தியரிடம் சொல்லி அதைக் கேட்டுப் பெறுங்கள்.