சீனித்துளசி: நகல் வேண்டாம், வித்தியாசம் வேண்டும்

தாம்பரத்தில் மாடி அறையையே லேப் ஆக்கிச் சீனித்துளசி (ஸ்டீவியா, இலை இனிக்கும் செடி) வளர்க்கிறேன். பராகுவே பக்கத்துச் செடி. தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாயின் நகல்கள் மட்டும் இருந்தால் விதை சரியாகப் பிடிக்காது. அதனால் எனக்கு வித்தியாசமான கன்றுகள் வேண்டும். திசு வளர்ப்பை, அதாவது செடியின் சிறு துண்டிலிருந்து பாட்டிலில் கன்று எடுப்பதை, கணுவை வைத்துத் தொடங்கியதுதான் என் தப்பு. கணுவில் ஏற்கெனவே இருக்கும் மொட்டுதான் முளைக்கும். 200 கன்றும் அச்சு அசல் ஒரே முகம்.

இலைத்துண்டுக்கு மாறினேன். எம்.எஸ். ஊடகம் (திசு வளர்ப்புக்கான சத்துக் கலவை), லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை, பி.எச். (அமில அளவு) 5.8, துளி 2,4-டி என்ற ஹார்மோன். வெட்டின விளிம்பில் ரவை உப்புமா மாதிரி வெளிர்மஞ்சளாகக் கேலஸ், அதாவது உருவமில்லாத செல் திரள், திரண்டது. அப்புறம் 2,4-டியை நிறுத்தி, தளிரைத் தூண்டும் பி.ஏ.பி. ஹார்மோனைக் கொடுத்தால் அதிலிருந்து தளிர் விடும். இந்தக் கேலஸ் கட்டத்தில்தான் குரோமோசோம் எண்ணிக்கையிலும் மரபணுவிலும் மாற்றம் நுழைகிறது. ரொம்ப நாள் கேலஸாகவே வைத்தால் மாற்றம் கூடும், ஆனால் தளிர் விடும் சக்தி குறையும். 3 முறை ஊடகம் மாற்றியதோடு நிறுத்திக்கொண்டேன்.

நடுவில் ஐப்பசி மழை. பாட்டில் வாயில் வைத்த பஞ்சடைப்பு ஈரத்தை இழுத்து, பாட்டில் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பஞ்சைத் தூக்கிப்போட்டு பாலிப்ரொப்பிலீன் (பிளாஸ்டிக்) மூடி போட்டேன், நின்றது. (அம்மா அப்போதே சொன்னாள், ஊறுகாய்க்கே பஞ்சு ஆகாதென்று.)

இப்போது ஒரு கன்றுக்கு மட்டும் இலை தடித்திருக்கிறது. மைக்ராஸ்கோப்பில் இலைத்துளைகளும் பெரிசு, குரோமோசோம் எண்ணிக்கை கூடியதன் அடையாளமாக இருக்கலாம். ஊடகத்து ஹார்மோனின் மிச்ச விளைவா, நிஜ மரபு மாற்றமா? தண்டு வெட்டித் தொட்டியில் வைத்திருக்கிறேன், அடுத்த இலைகளும் தடித்தே வருகின்றனவா பார்க்கலாம்.